குறிப்புப் பொருத்தம்

என் சின்னம்மா புஸ்பராணிக்கு முப்பத்தொன்பது வயதுக்குள் எட்டு மாப்பிள்ளைகளின் சாதகக் குறிப்பு வந்தது. எட்டும் பொருந்தவில்லை. அவள் அதற்காக மூக்குச் சிந்தியதை நான் பார்த்ததில்லை. பகலில் தபால் கந்தோரில் முத்திரை விற்றாள். மற்ற நேரமெல்லாம் வீட்டுச் சாமான்களோடு மல்லுக்கட்டினாள்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் ஊர் கலைந்தபோது, ஆறு குடும்பங்களாக ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஐந்து மாதம் இருந்தோம். அங்கேதான் அவளுடைய கெட்டித்தனம் ஊருக்குத் தெரிந்தது. புட்டுக்குழல் இல்லையென்று எல்லாரும் முழித்துக்கொண்டு நிற்க, அவள் சிரட்டையின் கண்ணைத் தோண்டி, மாவை நிரப்பி, கொதிக்கிற கேத்தலின் வாயில் பொருத்திவிட்டாள். வெறும் மாப்பேணித் தகரத்தின் அடியில் ஆணியால் துளைகள் போட்டு மரக்கிளையில் கட்டித் தண்ணீர் ஊற்றினாள். பிள்ளைகளெல்லாம் மழையில் குளிக்கிற மாதிரிக் கூத்தாடினார்கள். சண்டைக் காலத்தில் நாங்கள் அவ்வளவு சிரித்தது அந்தப் பேணிக்குக் கீழேதான்.

வீடு திரும்பிய பிறகு எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் அவளைத் தேடி வந்தது. உப்பு கசியுதா? நாலு அரிசி போடு. மேசை லாச்சி இறுகிப்போச்சா? மெழுகுதிரியைத் தேய். பக்கத்து வீட்டு றுக்கியா மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "புள்ள புஸ்பம், இதுக்கு என்ன வழி?" என்று ஒரு நாளைக்கு மூன்று தரமாவது கேட்பா.

தொண்ணூற்றாறு வைகாசியில் எனக்குக் கலியாண எழுத்து. மாப்பிள்ளை கிருபாகரன் தம்பலகாமம். அவர்கள் பதினான்கு பேர் ஒரு உழவு இயந்திரத்தில், பின்னால் இழுக்கும் பெட்டிக்குள் உமிச்சாக்குகளை அடுக்கி, அதன்மேல் பாய் விரித்து, பட்டும் வேட்டியுமாகக் குலுங்கிக் குலுங்கி வந்து இறங்கினார்கள்.

பதிவுகாரர் எழுதி முடித்தார். மோதிரம் மாற்ற வேண்டும். கிருபாவின் அம்மா, என் மாமியார் வள்ளிநாயகி, சிவந்த முகத்தோடு கையை முந்தானைக்குள் ஒளித்தா. வழியில் ஐந்து சோதனைச்சாவடி. ஒவ்வொன்றிலும் இறங்கி ஏற வேண்டும். தொலையாமல் இருக்கட்டும் என்று எனக்குப் போட வேண்டிய மோதிரத்தைத் தன் விரலில் போட்டுவிட்டா. இப்போது அது கழலவில்லை.

சின்னம்மா நுரைக்கிற சவர்க்காரத்தோடு பறந்து வந்தாள். "மாமி, கையைத் தாங்கோ."

"சவர்க்காரம் வேண்டாம் மிஸ். ஏற்கெனவே இழுத்திழுத்து விரல் ஊதிக் கிடக்கு. ஒரு நூல் தாங்கோ" என்றது ஒரு குரல். மாமியாரின் தம்பி கதிரவேல். நாற்பத்துநாலு வயது, வயல்காரர். தங்கச்சிமார் மூன்று பேரையும் கட்டிக் கொடுத்து முடிய, தனக்குக் கட்ட மறந்துபோன மனுசன்.

அவர் நூலின் ஒரு நுனியை மோதிரத்துக்குள் நுழைத்தார். மறு நுனியை விரலைச் சுற்றி மூட்டுக்கு மேல்வரை நெருக்கமாகச் சுற்றினார். பிறகு உள்ளே போன நுனியைப் பிடித்து மெல்ல மெல்ல அவிழ்க்க, மோதிரம் சுற்றுக்குச் சுற்று ஏறி வந்து 'டிங்' என்று நிலத்தில் விழுந்தது. சபை கைதட்டியது. சின்னம்மா தட்டவில்லை.

"எனக்கும் தெரியும்" என்றாள்.

"ஓம், தெரிஞ்சிருக்கும்" என்றார் அவர் மிகவும் மரியாதையாக. அதுதான் அவளுக்கு அடக்க ஏலாத கோபம்.

சாப்பாட்டுக்கு இலை போடும்போது தெருவில் ஒலிபெருக்கி வண்டி போனது. துறைமுகப் பக்கம் ஏதோ நடந்ததாம். ஒரு மணியிலிருந்து ஊரடங்கு, மறு அறிவித்தல் வரை. வந்த பதினான்கு பேரும் எங்கள் இரண்டு அறை வீட்டுக்குள் அடைபட்டுப்போனார்கள். அம்மா கமலேஸ்வரி குசினி வாசலில் தலையில் கை வைத்தபடி நின்றா. நானும் கிருபாவும் புதுச் சோடி. பதினைந்து பேருக்கு நடுவில் ஒரு வார்த்தை தனியாகக் கதைக்க முடியவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் எங்களை யாரும் கவனிக்கவுமில்லை. எல்லாரும் பார்த்தது மற்ற இரண்டு பேரைத்தான்.

எவர்சில்வர் ரம்ளர் இரண்டு ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொண்டன. கதிரவேல் முழங்காலுக்குள் இடுக்கி முக்கினார். சின்னம்மா அதைப் பறித்து, உள் ரம்ளரில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, வெளி ரம்ளரைச் சுடுதண்ணீரில் வைத்தாள். சொல்லி வைத்தாற்போல் கழன்றது. கிருபாவின் சேட்டு கசங்கியதென்று சின்னம்மா இஸ்திரிக்கைப்பெட்டி தேட, மின்சாரம் இல்லை. அவர் கொதிக்கும் கேத்தலின் அடியைத் துடைத்து அதனாலேயே சேட்டை மினுக்கிக் காட்டினார். "காலருக்குக் கரண்டியைச் சூடாக்கி அழுத்த வேணும்" என்று அவள் திருத்தினாள். கூடத்தில் இருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

அன்று பின்னேரம் பதற்றத்தில் அம்மா பருப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டா.

"உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டால் உப்பை இழுக்கும்" என்றாள் சின்னம்மா.

"கிழங்கு குழம்பை இழுக்கும் மிஸ், உப்பை இல்ல. தேங்காய்ப்பாலும் தேசிக்காய்ப்புளியும் விட வேணும்."

பருப்பை இரண்டு சட்டியாகப் பிரித்தார்கள். ஒன்றில் கிழங்கு, ஒன்றில் பால். தீர்ப்புச் சொல்ல றுக்கியா மாமியை வேலிக்குக் கூப்பிட்டோம். மாமி இதிலே ஒரு கரண்டி, அதிலே ஒரு கரண்டி நக்கிப் பார்த்து, கண்ணை மூடி யோசித்தா.

"ரெண்டும் உப்புத்தான். இன்னும் ரெண்டு சுண்டு பருப்பை உப்பில்லாம அவிச்சு உள்ளுக்குக் கொட்டுங்க, நாடகத்த விட்டுட்டு!" என்றா. பருப்பையும் மாமியே தந்தா.

கதிரவேல் சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா அவரைப் பார்த்தாள். முதலில் அவளுடைய தோள்தான் குலுங்கியது. பிறகு இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார்கள்.

மறுநாள் காலை மண்ணெண்ணெய் முடிந்தது. விறகும் இல்லை. பதினேழு பேருக்குச் சோறு எப்படி?

"நாங்கள் பெட்டிக்குள்ள எதுக்கு மேல இருந்து வந்தனாங்கள்?" என்றார் கதிரவேல் திடீரென்று.

சின்னம்மா ஒரு கணம் யோசித்தாள். "உமி! பெரிய பிஸ்கட் ரின் ஒண்டு கிடக்கு. அடியில பக்கவாட்டாத் துளை போடுங்கோ. நான் போத்தல் எடுத்து வாறன்!"

ரின்னுக்கு நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, அடித் துளைக்குள் இன்னொன்றைப் படுக்கவைத்து, சுற்றிலும் உமியை இறுக்கி அடைத்தார்கள். இரண்டு போத்தலையும் உருவ, புகைபோக்கி மாதிரி வழி விழுந்தது. கீழே நெருப்பு வைத்ததும் 'உஸ்' என்று எரிந்தது பாருங்கள்! சோறும், உப்பு அளவான பருப்பும், தேநீரும் அதிலேயே முடிந்தன. அடைக்கிறபோது இருவரும் சண்டை பிடிக்காததைக் கண்டு என் மாமியார் அம்மாவின் முழங்கையில் இடித்தா. அம்மா உடனே விரல் மடித்து முறை பார்க்கத் தொடங்கினா. "மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் எண்டால் என்ர பிள்ளைக்குச் சித்தப்பா முறை. சின்னம்மாவுக்குச் சோடி சித்தப்பா... அடி, சரியாய்த்தானே வருது!"

மத்தியானம் மூன்று மணித்தியாலம் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். எல்லாரும் அடித்துப் பிடித்துப் பெட்டியில் ஏறினார்கள். இந்தத் தரம் உமி இல்லை, வெறும் பலகைதான். கதிரவேல் மட்டும் ஏறவில்லை. குசினி வாசலில் வந்து நின்றார்.

"மிஸ், என்ர வீட்டில ஒரு யன்னல் ஆறு வருசமாத் திறக்க ஏலாமக் கிடக்கு."

"மெழுகுதிரி தேய்ச்சனீங்களா?"

"தேய்ச்சனான்."

"தேங்காயெண்ணெய்?"

"விட்டனான்."

"அப்ப நான் வந்து பாத்துத்தான் சொல்ல வேணும்."

"ஓம். அதைத்தான் கேக்கிறன். வந்து பாத்திட்டு... திரும்பிப் போகாமல் இருக்க ஏலுமா?"

சின்னம்மா கையில் இருந்த அகப்பையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "சாதகம் பாக்கக் கூடாது. அந்த நிபந்தனையோட எண்டால் ஓம்" என்றாள். றுக்கியா மாமி வேலிக்குப் பின்னாலிருந்து குரவையிட்டா.

ஆவணியில் கலியாணம் நடந்தது. சின்னம்மா தம்பலகாமம் தபால் கந்தோருக்கு மாற்றம் வாங்கிப் போனாள்.

தைப்பொங்கலுக்கு நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது வாழைத்தோட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, மிளகாய்த்தூளும் பழைய எண்ணெயும் பூசிய துணிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். யானை கிட்ட வராதாம். பட்டப்பகல் பதினொரு மணிக்கு ஒரு கொம்பன் வந்து, இரண்டு தும்மல் தும்மி, கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, ஆறு குலை வாழைப்பழத்தைச் சாவகாசமாகச் சாப்பிட்டது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு யன்னலால் பார்த்தோம்.

"தூள் காணாது எண்டு நான் சொன்னனான்" என்றாள் சின்னம்மா.

"எண்ணெய் கூடிப்போச்சு எண்டு நான் சொன்னனான்" என்றார் சித்தப்பா.

யானை ஏழாவது குலையை முறித்தது.