புல்லாங்குழல் பையனின் வயிற்று வலி

டெக்சாஸில் ஒரு மிடில் ஸ்கூலில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அகிலனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

ஏழாம் வகுப்பு. பள்ளி பேண்ட் வாத்தியக் குழுவில் ஃப்ளூட் வாசிப்பவன். பி.இ. என்னும் உடற்பயிற்சி பீரியட் நெருங்கினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளியில் இருந்த என் கிளினிக்குக்கு வந்துவிடுவான். காய்ச்சல் இருக்காது.

"எங்கடா வலிக்குது?"

"இட் ஜஸ்ட் ஹர்ட்ஸ், ஆன்ட்டி."

பி.இ. முடிந்தால் வலியும் போய்விடும். ஒருநாள் நான் ஒன்றும் கேட்காமல் ஐஸ் பேக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவனாகவே சொன்னான். ஃப்ளூட் பெண்கள் வாசிப்பதாம், அதனால் அவன் 'கே'யாம், ஆண்களை விரும்புகிறவனாம். பி.இ.க்காக லாக்கர் ரூமில் உடை மாற்றும்போது, "எங்களைப் பார்க்காதே" என்று சில பையன்கள் அவனைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்துகிறார்களாம்.

அவன் அப்பா செந்திலை வரச் சொன்னேன். திருச்சிக்காரர், சாஃப்ட்வேர் வேலை. ஆபீஸ் பேட்ஜோடு ஓடி வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ட்ரம்பெட்டுக்கு மாத்திடலாம் சிஸ்டர். கராத்தேலயும் சேத்துடறேன். ஆம்பளப் பையன், கொஞ்சம் டஃப்பா இருக்கணும்ல?"

"தப்பு பண்றது அந்தப் பசங்க சார். இவன் என்ன பண்ணான்?"

அவர் மகனிடம் திரும்பினார். "நான் அப்படி இல்லன்னு சொல்ல வேண்டியதுதானடா?"

அதுவரை இங்கிலீஷிலேயே பேசிய அகிலன் தமிழில் கேட்டான். "அப்படி இருந்தா என்னை உங்களுக்குப் பிடிக்காதாப்பா?"

செந்தில் கிளினிக் கட்டிலில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுடா. நீ எப்படி இருந்தாலும் என் புள்ள. அது தெரியும்." அவன் தோளில் கை போட்டு, "ஃப்ளூட்தானே பிடிக்குது? அதையே வாசி" என்றார்.

மூவரும் பிரின்சிபலிடம் போனோம். அகிலன் உடை மாற்றத் தனி அறை தருவதாக அவர் சொன்னார். செந்தில் ஒத்துக்கொள்ளவில்லை. தவறு செய்யாத பையன் ஏன் ஒதுங்க வேண்டும் என்று தன் திருச்சி இங்கிலீஷில் நிதானமாகக் கேட்டார். பள்ளியில் அந்தப் பையன்களின் பெற்றோரை அழைத்துப் பேசினார்கள். பி.இ. கோச் லாக்கர் ரூமிலேயே நிற்கத் தொடங்கினார். அகிலன் என்னிடம் வருவது குறைந்து, நின்றே போனது.

கிண்டல் செய்தவர்களில் ஒருவன் பின்னாளில் விரல் பிசகி என்னிடம் வந்தான். உதடு வெளுத்திருந்தது, கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அழுதால் வீட்டில் கேலி செய்வார்களாம். திரையை இழுத்துவிட்டேன். அப்புறம்தான் அழுதான்.

பயமாக இருக்கிறது, வலிக்கிறது என்று சொல்லக் கூடாதென்று பையன்களைப் பழக்கி வைத்திருக்கிறோம். ஆகவே, தெர்மாமீட்டரில் ஒன்றும் தெரியவில்லை என்றால் உடனே வகுப்புக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் கூட இருங்கள்.