பின்சக்கரத்தில் கிடைத்த பதில்

இந்த ஆண்டு ஆனி மாதம், சாரல் பிடித்த முதல் வாரத்தில், என் மனைவி கோமதியை நானே கொன்றிருப்பேன். முருகன் தடுத்தான். அன்பர்களே, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குத் தென்காசி. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அன்று குற்றாலம் ஐந்தருவிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரில் ஏபிஎஸ் விளக்கு மஞ்சளாக எரிந்தது. ஈரச் சாலையில் பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு அது. விளக்கு எரிந்தால் அந்தக் காவல் இல்லை என்று பொருள். எனக்கு அது தெரியும். பல நாளாகத் தெரியும்.

“அது என்னங்க, மஞ்சளா ஒண்ணு எரியுது?” என்று கோமதி கேட்டாள்.

“காருன்னா நாலு லைட்டு எரியத்தான் செய்யும்” என்றேன். பொய். பட்டறைக்குப் போகச் சோம்பல். அவளிடம் ஒப்புக்கொள்ளக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

வளைவில் ஒரு குரங்கு குட்டியோடு குறுக்கே ஓடியது. பிரேக்கை மிதித்தேன். கார் வழுக்கியது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், திரும்பவில்லை. எதிரே ரம்புட்டான் பழம் விற்கும் ஓர் அம்மாளின் தள்ளுவண்டி. படித்த சூத்திரம் எதுவும் வாயில் வரவில்லை. “முருகா!” என்பதுதான் வந்தது. சாலையோர மணலில் சக்கரம் ஏறி, தள்ளுவண்டிக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

“ஏ பெரியவரே, பழம் வேணும்னா எறங்கி வந்து வாங்கணும். காரோடயா வருவீய?” என்றாள் அந்த அம்மாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோமதி சிரிக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினாள்.

“அந்த லைட்டு அணையுத வரைக்கும் நான் இதுல ஏற மாட்டேன். உராய்வப் பத்தி ஊருக்கெல்லாம் பாடம் நடத்துனீய. ஒங்களுக்கு யாரு நடத்துவா?”

ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

மெக்கானிக் சுடலைமுத்துவின் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனேன். ஸ்கேனர் மாட்டிப் பார்த்தவர், பின்பக்க இடது சக்கரத்தின் சுழற்சியை அளக்கும் சென்சாரில் கோளாறு என்றார். புதிது மாட்டியதும் விளக்கு அணைந்தது. வீடு வந்து சேருவதற்குள் மறுபடி எரிந்தது. திரும்பிப் போய் எல்லோர் முன்னிலையிலும் கத்தினேன்: “டூப்ளிகேட்ட மாட்டிட்டு ஏமாத்துதியா?” அவர் முகம் சுருங்கிப் போனது. “நாளைக்கு முழுசாக் கழத்திப் பாப்போம் சார்” என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் இருவரும் இலஞ்சி முருகன் கோயிலுக்குக் காரில் போவது வழக்கம். கோமதிக்கு முழங்கால் வலி. பஸ்ஸில் ஏற முடியாது. காரைப் பட்டறையில் விட்டுவிட்டு நான் மட்டும் பஸ்ஸில் போனேன். பக்கத்தில் அவள் இல்லாமல் சந்நிதியில் நிற்கத் தெரியவில்லை. அழுதேன். விளக்கை அணைத்துக் கொடு என்று கேட்கத்தான் போயிருந்தேன். வாயில் வந்தது வேறு: “முருகா, கோளாறு எங்கே இருக்கிறதோ அதைக் காட்டு. யாருடையதாக இருந்தாலும் சரி.”

வீட்டுக்கு வந்து கோமதியிடம் என் பொய்யைச் சொன்னேன். “அது எனக்கு அப்பவே தெரியும்” என்றாள். “நாளைக்கு நானும் வந்து பாக்கேன்.”

மறுநாள் அவள் ஆட்டோவில் பட்டறைக்கு வந்தாள். சுடலைமுத்து சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பிரேக் டிரம்மையும் எடுத்தார். சென்சார் படிக்க வேண்டிய பல்வளையத்தில் மெல்லிய கம்பி ஒன்று சுற்றிக் கிடந்தது. அதில் பளபளவென்று ஜிகினா.

கோமதி குனிந்து பார்த்தாள். “ஏங்க, இது விசாகத்துக்கு நீங்க கட்டுன மாலைல்லா?”

ஆமாம். வைகாசி விசாகத்தன்று காருக்குப் பூஜை போட்டோம். எல்லோரும் முன்னால் ஒரு மாலை போட்டிருந்தார்கள். நான் மட்டும் பெருமைக்கு நான்கு சக்கரத்திலும் ஜிகினா மாலையை ஓட்டைகள் வழியாக நுழைத்துக் கட்டினேன். வாடியதும் பிய்த்து எறிந்தேன். கம்பி உள்ளே தங்கி, சென்சாரைக் குழப்பியிருக்கிறது.

“முருகனுக்கே ஒரு மாலைதான் சார் போடுதோம்” என்றார் சுடலைமுத்து. “சக்கரத்துக்கு நாலா?”

கோமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சுடலைமுத்துவின் கையைப் பிடித்து, அதே ஆட்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சார், நல்ல வேள, கண்டுபிடிச்சாச்சுல்லா” என்றார். கம்பியை எடுத்துச் சுத்தம் செய்து, காரை ஓட்டிப் பார்த்தோம். விளக்கு எரியவில்லை. கோமதி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நேராக இலஞ்சிக்கு விடச் சொன்னாள்.

இப்போது எதையும் அவளிடம் மறைப்பதில்லை. யாரையும் விசாரிக்காமல் திட்டுவதுமில்லை. அன்பர்களே, உங்களுக்கும் ஏதோ ஒன்று பிடிபடாமல் இருக்கலாம். முருகனிடம் போய்க் காட்டச் சொல்லுங்கள். நிச்சயம் காட்டுவான். கொஞ்சம் வெட்கமாக இருக்கும். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது பக்கத்து சீட்டில் ஆள் இருக்கும்.