துவக்கில் இருந்த கிரீடம்

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. ஆண் அங்கே போய்ச் சேர்கிறவன். என் அக்காவை, ராத்தாவை, கல்யாணம் செய்தபோது மச்சான் தன் உம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே சொத்து ஒரு பழைய துவக்கு, நீளக் குழல் துப்பாக்கி. கண்டி ராசா தன் மூதாதைக்குக் கொடுத்தது என்பார். ராத்தா மவுத்தாகிவிட்டா. வீடு இப்போது அவர்களுடைய மகளுக்கு. மருமகன் நல்ல பிள்ளை, பயந்த பிள்ளை. அனுமதிப் பத்திரம் இல்லாத துவக்கு இருக்கும் வீட்டில் அவருக்கு நித்திரை வருவதில்லை. உண்மையிலேயே ராசாவுடையதென்றால் பழம்பொருள் காக்கும் நூதனசாலைக்கு எழுதி அனுமதி கேட்டு, சுவரில் மாட்டலாம். இல்லாவிட்டால் பொலிஸில் ஒப்படைத்துவிடுவது என்று பேசி முடித்திருந்தார்கள்.

தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் பட்டாசுக்கே காதைப் பொத்துகிறவன். ஆனால் துவக்குகளைப் பற்றி இரண்டு தடித்த புத்தகங்கள் வாசித்திருந்தேன். அதை ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன்.

“வடிவாப் பாருங்க மச்சான். வாசிச்சதெல்லாம் இதுக்காவது உதவட்டும்,” என்று துவக்கை நீட்டினார் மச்சான். நாங்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவோம்.

வெள்ளிக்கிழமை தோறும் தேங்காயெண்ணெய் பூசி வந்திருக்கிறார். அது கடற்காற்றில் பிசினாக இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்க, விசைத் தகட்டில் ஒரு கிரீடம் தெரிந்தது.

“நான் சொன்னனே, ராசாட எண்டு.”

“ராசாடதான் மச்சான். இங்கிலாந்து ராசாட.”

கிரீடத்தின் கீழே அந்நாட்டு மன்னரின் முதலெழுத்துகள். பக்கத்தில் சிறிய அம்புக்குறி: அரச படையின் சொத்து என்ற அடையாளம்.

மச்சான் அசரவில்லை. “அப்ப வெள்ளக்காரன்ட்ட புடுங்கினதா இரிக்கும். அது இன்னும் பெருசு.”

இருக்கலாம். ஆனால் அசல் பட்டாளத் துவக்கென்றால், வெடித்துச் சோதித்ததற்கான முத்திரையைக் குழலின் அடியிலும் குத்தியிருப்பார்கள். போன் வெளிச்சத்தில் தேடினேன். முத்திரை இல்லை; நீளத்துக்கும் ஒட்டுக் கோடு ஒன்றுதான் ஓடியது. குழல் வெறும் தண்ணீர்க் குழாய். எங்கிருந்தோ கிடைத்த பட்டாளத்து விசையைப் பூட்டி, வயலில் பன்றி விரட்ட யாரோ ஒரு கொல்லன் செய்து கொடுத்த, மருந்தை இடித்து நிரப்பிச் சுடும் இடியன் துவக்கு.

சொன்னேன். மருமகன் தலையைக் குனிந்துகொண்டார்; நிம்மதியைக் காட்டிக்கொள்ள அவருக்குக் கூச்சம்.

“பொய்யொண்டு சொல்லியிரிக்கலாம் நீங்க,” என்றார் மச்சான்.

“நூதனசாலைக்காரன் வந்து பாப்பான் மச்சான்.”

“ஓம். அவனும் ரெண்டு புத்தகம் வாசிச்சிரிப்பான்.”

பிறகு திருப்புளி கேட்டார். இரண்டு ஆணிகளைக் கழற்றியதும் விசைத் தகடு கையோடு வந்தது. மீதியை மருமகன் சாக்கில் சுற்றினார், பொலிஸுக்கு.

“இத மட்டும் வெச்சிக்கலாந்தானே மகன்?” முப்பது வருடத்துக்கு மேல் குடியிருந்த வீட்டில் மச்சான் அனுமதி கேட்டார்.

“வைங்க மாமா.”

எங்கே வைப்பதென்று அறையைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பாரத்தில் பை தொங்கிப்போயிற்று.