லினக்ஸ் சர்வரும் விண்டோஸ்காரரும்

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் கணினிப் பிரிவு என் பொறுப்பு. புது சர்வருக்கு விண்டோஸ் விற்க வந்த படப்பைக்காரரை மறுத்து, லினக்ஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்.

சர்வரை லினக்ஸுக்கு மாற்றிய அன்றே லேபிள் பிரிண்டர் மக்கர் செய்தது. லேபிள் ஒட்டாமல் பெட்டி வெளியே போகாது, உற்பத்தி லைனே நின்றது. வேலை போய்விடும் என்ற பயத்தில், இந்த வேலை தெரிந்த ஒரே ஆளான அந்த விண்டோஸ்காரருக்கே போன் செய்தேன்.

"பயப்படாதீங்க மேடம், பாத்துக்கலாம்" என்று உடனே வந்து, பிரிண்டரைச் சரிசெய்தார்.

"அப்பவே உங்க விண்டோஸ வாங்கியிருக்கணுமோ?" என்று அவரிடம் கேட்டார் மேனேஜர்.

"இல்ல சார், பிரிண்டர் செட்டிங்தான் தப்பு. மேடம் எடுத்தது நல்ல முடிவு" என்றார் அவர்.

அவர் நினைத்திருந்தால் அந்தப் பதிலிலேயே என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அடுத்தவர் தடுமாறி நிற்கும்போதெல்லாம், வாய் திறக்கும் முன் அவரை நினைத்துக்கொள்கிறேன்.