குழல் திரும்பிய பக்கம்

வலங்கைமான் பக்கம் கூலித் தகராறு நடந்த வருஷம் அது. புது ஆட்சி வந்தும் போலீஸ் என்னவோ மிராசுதார் கூப்பிட்டால்தான் வந்தது. கூலி பேசி முடித்து நாங்கள் சம்பா அறுக்க இறங்கிய பிறகும் அவருக்கு எங்கள்மேல் பயம் போகவில்லை. காவலுக்கு ஒரு போலீஸ்காரரை வரப்பில் உட்கார வைத்தார்.

ஒல்லியான ஆள். தொப்பி காதுவரை இறங்கியிருக்கும். மடியிலிருந்த துப்பாக்கியின் குழல் எப்போதும் ஆளில்லாத பக்கமே பார்க்கும்படி வைத்திருப்பார். நாங்கள் அறுத்துக்கொண்டே நகர்ந்தால் அவரும் அதைத் திருப்புவார். நெற்கட்டோடு யாராவது எதிரே வந்துவிட்டால் பதறி எழுந்துவிடுவார். பெண்கள் எல்லோரும் சிரித்தோம்.

தண்ணீர் கொடுத்தபோது கேட்டேன்: "ஏங்கய்யா அதத் திருப்பிக்கிட்டே இருக்கீங்க?"

"பயிற்சியில ஒரே ஒரு நாள்தான் சுடவிட்டாங்கம்மா. நான் குறி வச்சது ஒரு பக்கம், குண்டு போனது ஒரு பக்கம்."

"எங்களச் சுடச் சொன்னா?"

"வானத்தப் பாத்துதான் சுடுவேன். அதுவும் எங்க போகும்னு தெரியாது. நான் இதத் தூக்கினா எல்லாரும் வாய்க்கால்ல படுத்துக்குங்க."

அன்று யாரும் சுடச் சொல்லவில்லை.

அடுத்த அறுவடைக்கும் போலீஸ் வண்டி வந்தது. இறங்கிய முகங்களில் அவரைத் தேடினேன். வந்தவர்கள் துப்பாக்கிகளை வரப்பில் போட்டுவிட்டுச் சீட்டாடினார்கள். குழல்கள் நாள் முழுக்க எங்களைப் பார்த்தே கிடந்தன.

இன்றும் துப்பாக்கியோடு ஒரு காக்கிச்சட்டை தெரிந்தால் முதலில் குழலைத்தான் பார்க்கிறேன். அது ஆளில்லாத பக்கம் திரும்பியிருந்தால் அவசரமாக முகத்தைப் பார்ப்பேன். ஒரு தடவைகூட அது அவர் முகமாக இருந்ததில்லை.