மூடிக் கிடந்த கேஸ் குமிழ்

ஊருக்கு வந்ததிலிருந்து, காலையில் தேயிலை போட அடுப்பைத் திருகினால் தீ வருவதில்லை. சிலிண்டரில் கேஸ் இருக்கும். அதன் குமிழ் மட்டும் மூடிக் கிடக்கும். மூடியது நானில்லை.

தோவாளையில் எங்கள் தென்னந்தோப்பில், வாடகைக்கு எடுத்த, அடுப்பும் படுக்கையும் கொண்ட கேம்பர் வேனில் தங்கியிருக்கிறேன். பக்கத்திலேயே அண்ணன் வீடு. கனடாவில் பல வருடங்களாக வேனே வீடாகிப்போனவனுக்கு வேறெங்கும் உறக்கம் பிடிப்பதில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? பங்கு கேட்கத்தான் தம்பி தோப்பில் குடியேறியிருக்கிறான் என்று பூச்சந்தையில் பேச்சு. அண்ணனும் கேட்டுவிட்டார்: "வண்டிய எப்ப மக்கா எடுப்ப?"

கனடாவில் புரோபேன்தான் உயிர். ஹீட்டர், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் அதில்தான் ஓடவேண்டும். சிலிண்டர்மேல் வெந்நீர் ஊற்றித் தடவிப் பார்ப்பேன். எங்கே சில்லிடுகிறதோ அதற்குக் கீழேதான் கேஸ். முதல் குளிர்காலத்தில் வேன்கள் நிறுத்தும் முகாமை நடத்துபவர் கண்ணாடியைத் தட்டி, "யூ அவுட்?" என்றார். வெளியே போகச் சொல்கிறார் என்று சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டேன். கேஸ் தீர்ந்துவிட்டதா என்றுதான் அவர் கேட்டது.

இங்கே அப்படித் தப்பாக எடுத்துக்கொள்ள வழியில்லை, தாய்மொழி அல்லவா. வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன், கேஸும் வேகமாகக் குறைந்திருந்தது. என்னைக் கிளப்பத்தான் அண்ணன் ஏதோ செய்கிறார் என்று முடிவுகட்டினேன்.

ஒரு காலையில், விடிந்தும் விடியாமலும், பின்பக்கம் சத்தம் கேட்டு இறங்கினேன். சிலிண்டர் பெட்டியைத் திறந்து, குமிழில் கைவைத்தபடி அண்ணன் குத்தவைத்திருந்தார்.

"என்னண்ணே செய்யுதிய?"

"கேஸ் மணக்குல்லா மக்கா. ஒனக்குத் தெரியலியா?"

விமானத்தில் பிடித்த சளியில் எனக்கு மூக்கு செத்துக் கிடந்தது. அண்ணி சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார். குழாயில் தடவியதும் ஓரிடத்தில் நுரை பொங்கியது. இத்தனை நாளும் கதவை அடைத்துப் படுத்து, எழுந்ததும் தீக்குச்சி உரசியிருக்கிறேன்.

"ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"சொன்னா, அண்ணன் வெரட்டுகான்னுல்லா நீ நெனப்ப. அதான் காலைல காலைல வந்து அடைச்சேன்."

"நான் பங்கு கேக்க வரலண்ணே."

அண்ணன் குமிழை இன்னொருமுறை இறுக்கினார். "அப்ப வண்டிய எப்ப எடுப்ப?"

அதில் இருந்தது அக்கறையா, சந்தேகமா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. அன்றே அண்ணன் நாகர்கோவிலில் புதுக் குழாய் வாங்கிவந்து, மாட்டி முடிக்கும்வரை கூடவே நின்றார்.

சாயங்காலம் அண்ணி இருவருக்கும் காப்பி கொண்டுவந்தார். அண்ணனுக்கு நசுங்கிய எவர்சில்வர் டம்ளரில். எனக்கு, விருந்துக்காரர்கள் வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும் பூப்போட்ட கோப்பையில்.