பம்பை மிக்ஸும் பாட்டு மிக்ஸும்

அட்டை இல்லாத இரண்டு கேசட்டுகள். காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியைக் கிழித்து ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஒட்டி, ஒன்றில் ‘பம்பை’ என்றும் இன்னொன்றில் ‘பாட்டு’ என்றும் பேனாவால் எழுதியிருந்தார் எங்கள் மாஸ்டர். எண்பதுகளின் கடைசி அது. மேனாம்பேட்டில் இருந்த எங்கள் பக்திப் பாட்டுக் குழு முதன்முதலாக ஒரு அம்மன் பாட்டுக் கேசட் பதிவு செய்திருந்தது. ஸ்டூடியோவில் இருந்த சவுண்ட் இன்ஜினியர் அதே பாட்டுகளை இரண்டு விதமாகக் கலந்து கொடுத்து, எது வேண்டுமோ சொல்லுங்கள், ஆடிக்குள் பிரதி எடுத்துவிடலாம் என்றார். ஒன்றில் பம்பை முன்னால் நிற்கும், என் குரல் பின்னால் எங்கேயோ கிடக்கும். இன்னொன்றில் நான் முன்னால், பம்பை பின்னால். பம்பை வாசித்தவர் வெள்ளானூரிலிருந்து இரட்டை முரசைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். பம்பை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இதை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

நான் அப்போது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஒயர் சாலிடர் பண்ணிக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் ஈயப்புகை, சாயங்காலம் ஒத்திகை. அம்மாவுக்கு இந்தப் பாட்டுக் கூத்து பிடிக்கவேயில்லை. பொண்ணு ஸ்டேஜ் ஏறுவதை நிறுத்தினால் பேசி முடித்துவிடலாம் என்று ஒரு வரன் வீட்டார் வேறு சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னாள்: “கேசட்டு வரட்டும். நீ பாடுறது நாலு பேரு காதுல உழுதான்னு பாக்கறேன். உழலன்னா இத்தோட உட்டுடு, நானும் அவங்களுக்கு சரின்னு சொல்லிடறேன்.” அவ்வளவுதான் பேச்சு. எங்கள் வீட்டில் அப்பீல் எல்லாம் கிடையாது. ஆக, அந்த இரண்டு பிளாஸ்திரித் துண்டில் எது ஜெயிக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் நான் பாடுவதும் வாயை மூடுவதும் இருந்தது.

மாஸ்டர் வீட்டு டேப் ரிக்கார்டரில் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். எல்லாருக்கும் இரண்டும் பிடித்தது. தபேலாக்காரர் ஒன்றைச் சொன்னார், கீபோர்டு வாசித்தவர் இன்னொன்றைச் சொன்னார், காபி வந்ததும் இருவரும் கட்சி மாறினார்கள். மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “நடு ஊட்ல ஒக்காந்து கேக்கறதுக்கா இத போட்டோம்? ஆடி மாசம் குழாய் ஸ்பீக்கர்ல ஓடப்போற கேசட்டு. அதுல கேட்டாத்தான் தெரியும்” என்று முடித்துவிட்டார். அதுவும் நியாயம்தான். எங்கள் பக்கத்தில் எந்த அம்மன் பாட்டையும் முதலில் கேட்பது வேப்பமரத்தில் கட்டிய குழாயில்தான். வெள்ளிக்கிழமை காலையில் தெருக்கோடி அம்மன் கோயிலுக்குப் போனோம். மைக்செட்காரரைப் பிடித்து, முதலில் பம்பை மிக்ஸைப் போடச் சொன்னார் மாஸ்டர்.

சும்மா சொல்லக்கூடாது, அண்ணனின் கை அந்தக் குழாயில் வந்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அது மட்டும்தான் வந்தது என்பதுதான் கஷ்டம். நான் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கத்துவதுபோல இருந்தது. இரண்டாவது சரணம் போவதற்குள், கோயில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த இட்லிக்கடை அக்கா மாவுக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஆட ஆரம்பித்துவிட்டாள். தலைமுடி அவிழ்ந்து, கண் மேலே சொருகி, சாமி வந்துவிட்டது. பூசாரி ஓடிவந்து விபூதி பூசினார். யாரோ மஞ்சள் தண்ணி ஊற்றினார்கள். கேசட்டை நிறுத்தினபிறகுதான் அடங்கினாள். மாஸ்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆத்தாவே வந்து சொல்லிட்டா. இனிமே நாம யாரு பேச?” மொத்தக் குழுவும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றது. சாமி வந்து தேர்ந்தெடுத்த மிக்ஸை வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கு வாய் வரும்? எனக்கு அம்மா முகம்தான் கண்முன் வந்தது. முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன்.

பம்பை அண்ணன் மட்டும் கையைக் கூப்பவில்லை. ஈரத்தோடு உட்கார்ந்திருந்த அக்காவிடம் போய்க் குந்தினார். “யக்கா, பாட்டுல இன்னா சொன்னாங்க?” அவள் மலங்க மலங்க விழித்தாள். “பாட்டா? பம்பைதான் நெஞ்சுல வந்து இடிச்சுது நைனா. வேற ஒண்ணும் தெரியல.” அண்ணன் எழுந்து மைக்செட்காரரிடம், “அந்த இன்னொண்ண போடுபா” என்றார். பாட்டு மிக்ஸ் ஓடியது. யாருக்கும் சாமி வரவில்லை. ஆனால் அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே, பல்லவி மூன்றாம் தடவை திரும்பி வரும்போது கூடவே முணுமுணுத்தாள். தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்த பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். “கேட்டுக்கினீங்களா?” என்றார் அண்ணன். “ஆத்தாவ கூப்புட பம்பை வோணும்னா நானே நேர்ல வந்து அடிக்கறேன். கேசட்டு, ஊட்ல வேல செஞ்சிகினே பொம்பளைங்க கூடப் பாடறதுக்கு. தங்கச்சி பாடறதே கேக்கலன்னா அவங்க இன்னாத்த பாடுவாங்க?” மாஸ்டர் அவரைத் தனியே இழுத்துப்போய், “டேய், இதுல ஒன் பம்பை அமுங்கிப் போவுது. கேசட்டக் கேட்டுதான்டா ஆள கூப்புடறாங்க” என்று தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. “போவட்டும் மாஸ்டர்” என்றார் அண்ணன். “அந்தப் பொண்ணோட அம்மா சொன்னது எனக்குத் தெரியும்.”

பாட்டு மிக்ஸ்தான் வெளிவந்தது. ஆடி முதல் வெள்ளியன்று அம்மா தண்ணீர் பிடிக்க நின்றபோது, மரத்துக் குழாயைக் காட்டி, “உன் பொண்ணு பாட்டுதானே?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டிருக்கிறாள். அம்மா குடத்தோடு வீட்டுக்கு வந்து, “சாப்டியா?” என்றாள். அவ்வளவுதான். அந்த வரனுக்கு வேண்டாம் என்று அவளே சொல்லி அனுப்பினாள். மாஸ்டர் பயந்ததும் நடந்தது. ஆவடிப் பக்கக் கோயில்கள் சில, கேசட்டில் பம்பை முழங்கிய வேறு குழுக்களைக் கூப்பிட்டன. அதன்பிறகு நான் எந்த மேடை ஏறினாலும், முதலில் மைக்செட்காரரிடம் போய் அண்ணனுக்குத் தனி மைக் கேட்டுச் சண்டை போட்டுவிட்டுத்தான் பாடுவேன். “இன்னாமா, என்ன வெச்சி அவங்கள படுத்தற?” என்று சிரிப்பார். என்னால் ஆனது அதுதான். போதாது என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. என் மகள் போன வாரம் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எனக்கு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டாள். என் குரல் அப்படியே இருந்தது, சின்ன வயசுக் குரல். கண்ணை மூடிக்கொண்டு அண்ணனைத் தேடினேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கதவைத் தட்டுவது மாதிரி லேசாக இருந்தார். பம்பை மிக்ஸ் இருந்த கேசட்டின் மேலேயே மாஸ்டர் எப்போதோ ஒத்திகையைப் பதிவு செய்துவிட்டார். அந்தக் காலத்தில் எந்தக் கேசட்டையும் சும்மா வைக்கமாட்டோம். பம்பைச் சத்தத்தை மட்டும் ஏற்ற முடியுமா என்று மகளிடம் கேட்டேன். “தனியா ஏத்த முடியாதும்மா. பேஸ், அதான் கீழ்ச் சத்தம், மொத்தத்தையும் ஏத்தலாம். ஆனா உன் குரல் அமுங்கிடும்.” பரவாயில்லை, ஏற்று என்றேன். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். இரைச்சலும் கரகரப்புமாக அண்ணனின் கை மேலே வந்தது. “போதுமா? நீ பாடுறதே கேக்கலம்மா” என்றாள்.

“கேக்க வேணாம். இன்னும் ஏத்து” என்றேன்.